ஆங்கில ஒலிகள் நம் வாயில் பிறப்பது எப்படி?

தமிழ்நாட்டை விட்டு வெளியே வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் ஆங்கிலத்தைப் பள்ளியில் கேட்டுப் பழகிவிடுகிறார்கள். பெற்றோர் நிலை வேறு. "அம்மா, நீ சொல்வது தப்பு" என்று பிள்ளை சிரித்ததும், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் வாயே திறக்காமல் இருந்துவிடும் தாய்மார்கள் உண்டு. நேர்முகத் தேர்வில் விடை தெரிந்தும் தடுமாறும் இளைஞர்களும் உண்டு. இது அறிவுக் குறையன்று. நாக்குக்கும் உதட்டுக்கும் உள்ள பழக்கம். பழக்கத்தை மாற்ற முதலில் இயந்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. காற்றும் குரலும்

பேச்சுக்கு எரிபொருள் காற்று. ஆங்கில ஒலிகள் எல்லாமே நுரையீரலிலிருந்து வெளியேறும் காற்றால் உண்டாகின்றன. நுரையீரலைக் கொல்லன் துருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று குரல்வளையில் இரண்டு தசை மடிப்புகளுக்கு நடுவே செல்கிறது. இவையே குரல்நாண்கள். நாதஸ்வரச் சீவாளியின் இரு தகடுகள் காற்றில் அதிர்வதைப் போல இவையும் அதிர்கின்றன: ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 120 தடவை, பெண்களுக்குச் சுமார் 200 தடவை. மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் 1854-இல் பல் வைத்தியரின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல்நாண்களைத் தாமே பார்த்தார்.

தொண்டையில் விரலை வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லுங்கள், அதிர்வு இல்லை. 'ம்ம்ம்' என்று சொல்லுங்கள், விரல் நடுங்கும். முதலாவது குரலிலா ஒலி, இரண்டாவது குரலொலி. 'ஸ்ஸ்ஸ்' சொல்லும்போதே தொண்டையை அதிர விட்டால், மிருகக்காட்சிசாலையைக் குறிக்கும் 'ஜூ' என்ற சொல்லின் முதல் ஒலி வந்துவிடும். நாக்கை நகர்த்தவே வேண்டாம்.

2. பம்பரம் கற்பிக்கும் பாடம்

குண்டூசியும் 'பின்', குப்பைத்தொட்டியும் 'பின்'. தமிழில் எழுதினால் வேறுபாடு தெரியாது. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு ஒலிகள். தொட்டிக்குத் தொண்டை அதிர வேண்டும். ஊசிக்கு அதிரக் கூடாது. இந்த அதிரும் பகரம் தமிழருக்கு வராது என்று எண்ண வேண்டாம். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' ஊசியின் பகரம், இரண்டாவது 'ப' தொட்டியின் பகரம்! 'தங்கம்' என்பதில் வரும் 'க'வும் அதிரும் ககரமே. நம்மிடம் ஒலி இருக்கிறது. சொல்லின் முதலில் அதைச் சொல்லும் பழக்கந்தான் இல்லை.

பயிற்சி: 'ம்பஸ்' என்று சொல்லுங்கள். பத்துத் தடவை சொன்ன பின் 'ம்'மைக் குறைத்துக்கொண்டே வந்து விட்டுவிடுங்கள். எஞ்சுவது சரியான 'பஸ்'. 'ங்கேட்' என்று தொடங்கினால் 'கேட்' திருந்தும்.

ஊசியின் பகரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. உதட்டுக்கு முன் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து ஆங்கிலேயர் 'பின்' என்று சொன்னால் காகிதம் ஆடும். நம் 'பல்' என்ற சொல்லுக்கு அவ்வளவு ஆடாது.

3. நாக்கும் உதடும் பல்லும்

நம் 'த'வுக்கு நாநுனி பல்லைத் தொடும். 'ட'வுக்கு மடங்கி அண்ணத்தைத் தொடும். ஆங்கில 'டீ', 'டாக்டர்' ஆகியவற்றின் முதல் ஒலிக்கு இடம் இவ்விரண்டுக்கும் நடுவே, மேல்பல்லுக்குப் பின்னுள்ள ஈற்று மேடு. 'மன்னன்' என்று சொல்லி 'ன்'னில் நாக்கை நிறுத்துங்கள், அதுதான் இடம்.

'திங்க்' என்ற சொல்லுக்கு நாநுனி மேல்பல் விளிம்பில் பட்டும் படாமலும் இருந்து காற்றைக் கசிய விட வேண்டும். 'திஸ்' என்பதற்கு அதே நிலையில் தொண்டை அதிர வேண்டும். 'அது' என்று இயல்பாகச் சொல்லும்போது வரும் மெல்லிய 'து' அதற்கு மிக நெருக்கம்.

'ஃபேன்' என்பதற்கு மேல்பல் கீழுதட்டைத் தொட்டுக் காற்று சீற வேண்டும். இரு உதடும் மூடினால் 'பேன்' ஆகிவிடும். 'வேன்' என்ற வண்டிக்கும் பல் உதட்டில் படும். 'வாட்டர்' என்பதற்குப் பல்லுக்கு வேலையில்லை. உதடுகளைக் குவித்துத் திறக்க வேண்டும்.

4. 'கப்பு', 'புக்கு' ஏன்?

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. குற்றியலுகரம் துணைக்கு வரும். அந்த இலக்கணத்தையே நாம் அறியாமல் ஆங்கிலத்துக்கும் பொருத்துகிறோம். 'கப்' என்று உதட்டை மூடியதும் மூச்சை நிறுத்துங்கள்; உகரம் தானே போய்விடும்.

ஆங்கிலத்தில் எழுத்து 26. பிரிட்டிஷ் பொது உச்சரிப்பில் ஒலிகளோ 44. அதாவது மெய் 24, உயிர் 20. ஆகவே எழுத்தைப் பார்த்து ஒலியைத் தீர்மானிக்க முடியாது, காதுதான் ஆசிரியர்.

இவ்வாறு ஒலியின் பிறப்பிடத்தை ஆராய்வது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியத்துப் பிறப்பியல் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களைச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தும் எங்கே பிறக்கிறது என்று விளக்குகிறது.

நிறைவாகப் பெற்றோருக்கு ஒரு யோசனை. பிள்ளை உங்களுக்குக் 'கேட்' திருத்தட்டும். நீங்கள் பிள்ளைக்கு 'ழ' திருத்துங்கள். ஆங்கிலேயர் 'ரெட்' என்னும்போது நாநுனி எழும்பும், ஆனால் எதையும் தொடாது. அந்த நாக்கை இன்னும் சற்றுப் பின்னே வளைத்தால் 'ழ' பிறக்கும். தினம் பத்து நிமிடம், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, ஒருவரையொருவர் கேலி செய்வதில்லை என்ற உடன்பாடு: இவை போதும்.