நெல் வயலில் தவளையும் மண் பாக்டீரியாவும்

நெற்பயிரின் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் உயிர்களுள் ஒன்று வரப்போரத்தில் கத்தும் தவளை. மற்றொன்று மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா. கடைகளில் ‘பி.டி.’ என்று விற்கப்படுவது இதுவே. தவளை குறைந்த வயலில் பி.டி. தெளித்தால் போதும் என்று கருதுவோர் உண்டு. அது சரியன்று.

மழைக்காலத்தில் ஆண் தவளை மஞ்சள் நிறம் கொள்ளுமே, அந்தப் பெருந்தவளை அசையும் எதையும் பிடித்து விழுங்கும். அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி, நாற்றை வெட்டும் நண்டு எதையும் விடாது. நன்மை செய்யும் சிலந்தியும் அதற்கு இரைதான். அதற்காகத் தவளையைக் குறை கூற வேண்டியதில்லை. கால்களுக்காக ஏராளமாகப் பிடிக்கப்பட்டு வந்ததால், தவளைக்கால் ஏற்றுமதியை மத்திய அரசு 1987-ல் தடை செய்தது.

நெல்லுக்குத் தெளிக்கும் பி.டி. புழுக்களை மட்டுமே கொல்லும். அதுவும் இலையோடு புழுவின் வயிற்றுக்குள் சென்றால்தான். புழுவின் குடல் காரத்தன்மை உடையது. பாக்டீரியாவின் புரதப் படிகம் அதில் கரைந்து குடற்சுவரைத் துளைக்கிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்தும்; இரண்டு மூன்று நாட்களில் மடியும். தவளையின் வயிறு அமிலத்தன்மை உடையதால், அந்தப் புழுவைத் தின்றாலும் கேடில்லை. ஆனால் பட்டுப்புழுவுக்கு இது எமன். 1901-ல் ஜப்பானில் இது கண்டறியப்பட்டதே நோயுற்ற பட்டுப்புழுவில்தான். மல்பெரித் தோட்டத்தருகே தெளிக்கலாகாது.

ஆகவே பி.டி. இலைச்சுருட்டுப் புழுவுக்கு ஏற்றது. சாற்றை உறிஞ்சும் புகையானுக்குப் பயனில்லை. தண்டுக்குள் புகுந்துவிட்ட குருத்துப்பூச்சிப் புழுவையும் எட்டாது. தூர் கட்டும் பருவத்தில் 10 சதவீத இலைகளோ, பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைகளில் 5 சதவீதமோ சேதமானால் மட்டும் தெளிக்கலாம். புழு சிறியதாக உள்ளபோது, மாலை வேளையில் தெளிப்பது நல்லது. வெயில் இதன் வீரியத்தைக் கெடுக்கும்.

சம்பா, தாளடி நடவை ஒட்டி மழை பெய்ததும் தவளை முட்டையிடுவது வயலிலும் பள்ளத்திலும் தேங்கும் நீரில்தான். நட்ட 30 நாட்களுக்குள் இலைச்சுருட்டைக் கண்டு பயந்து ரசாயன மருந்து தெளித்தால் தலைப்பிரட்டைகள் மடிகின்றன. அந்த வயதில் இழந்த இலையைப் பயிரே ஈடுசெய்துகொள்ளும். மருந்துச் செலவு வீண். சிலந்திகளும் உடன் அழிவதால் பின்னர் புகையான் பெருகி, வயல் திட்டுத்திட்டாகக் காயும். வாய்க்கால் ஓரத்தில் ஒரு சிறு பள்ளத்தில் நீர் நிற்க விடலாம். தெளிப்பானையும் மருந்து டப்பாவையும் மட்டும் அதில் கழுவக் கூடாது.