அசாசின்ஸ் கிரீட்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அசாசின்ஸ் கிரீட் வரிசையில் ஒவ்வொரு கேமும் ஒவ்வொரு நாட்டில், ஒவ்வொரு நூற்றாண்டில் நடக்கிறது. கதையின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: இதில் இரண்டு கதைகள் பின்னிக் கிடப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஒன்று வரலாற்றுக் காலத்தில் நடப்பது. மற்றொன்று, நம் காலத்து மனிதர்கள் அனிமஸ் என்ற கருவி வழியாக முன்னோரின் நினைவுகளுக்குள் நுழைவது. 2007இல் வந்த முதல் கேமில் டெஸ்மண்ட் மைல்ஸ் அப்படித்தான் 1191ஆம் ஆண்டின் ஜெருசலேமுக்கும் டமாஸ்கஸுக்கும் போகிறான். 2012இல் மூன்றாம் பாகத்தின் முடிவில் அவன் இறந்தபின் நிகழ்காலக் கதையின் பிடி தளர்ந்துவிட்டது. முக்கிய எதிரியான ஜூனோவின் முடிவைக்கூட காமிக்ஸில்தான் சொன்னார்கள். கேம் மட்டும் ஆடுகிறவருக்கு இது அநியாயம்.

ஆனால், ஊர்களை உருவாக்கிய உழைப்பு அசலானது. 2009இல் வந்த இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்குங்கள். அதன் நாயகன் எட்சியோவோடு மறுமலர்ச்சிக்கால ஃபுளோரன்ஸின் கூரைகளில் ஏறலாம். லியனார்டோ டாவின்சி அவனுக்கு நண்பர். பிறகு அவன் கதையைத் தொடரும் பிரதர்ஹுட், ரெவலேஷன்ஸ் இரண்டையும் ஆடினால் ஒரு மனிதனின் முழு வாழ்க்கை கிடைக்கும்.

வரலாறு மட்டும் போதுமென்றால், கிளியோபாட்ரா காலத்து எகிப்தைக் காட்டும் ஆரிஜின்ஸ் நல்லது. அதற்கு 2018இல் வந்த டிஸ்கவரி டூர் என்ற சுற்றிப் பார்க்கும் முறையில் சண்டையே இல்லை. அலெக்சாந்திரியாவையும் பிரமிடுகளையும் விளக்கத்தோடு சுற்றிப் பார்க்கலாம். நகரங்களை நம்பிப் பாருங்கள். கேம்களில் வரும் ரகசியச் சங்கங்களின் சதிகளைக் கற்பனையாக மட்டும் ரசியுங்கள்.