40 எம்.பி.க்குள் ஒரு பாடம்

எட்டாம் வகுப்பில் சர்வசம முக்கோணங்களை நடத்தி முடித்த வாரம் அது. "மூன்று பக்கங்களின் அளவும் தெரிந்துவிட்டால் முக்கோணத்தின் வடிவம் மாறவே மாறாது. ஏன்?" என்று கேட்டேன். வகுப்பே சேர்ந்து சொன்னது: "ப-ப-ப டீச்சர்!" சரி, நான்கு பக்கங்களின் அளவும் தெரிந்தால் நாற்கரத்தின் வடிவம் மாறாமல் இருக்குமா என்றேன். "இருக்கும் டீச்சர், ப-ப-ப-ப" என்றான் கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தான் என்பது அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதன்பின் காலாண்டுத் தேர்வு வரை அவன் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

ப-ப-ப என்பதன் பெயரைத்தான் நான் கற்பித்திருக்கிறேன், பொருளை அல்ல என்று உறுத்திக்கொண்டே இருந்தது. இதற்கு வழி கிடைத்த இடத்தைச் சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு வீடியோ கேம்.

காலாண்டு விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து வந்த என் தம்பி, தான் பயன்படுத்திய பழைய நிண்டெண்டோ வீ கருவியை என் மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கருவி அது. அதற்குள் ஏற்கெனவே பதிவிறக்கி வைத்திருந்த சின்ன விளையாட்டுகளில் ஒன்றின் பெயர் 'வேர்ல்டு ஆஃப் கூ'. மகனைக் கண்காணிக்க உட்கார்ந்தவள் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. (வீட்டில் யாரும் இதை இன்னும் மறக்கவில்லை.)

இத்தகைய சின்ன விளையாட்டுகளின் பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதுவரை இந்தக் கருவிகளுக்கான விளையாட்டுகள் பெரும்பாலும் வட்டுகளில் அச்சாகிக் கடைக்கு வந்தன. பெரிய நிறுவனங்களால்தான் அது முடிந்தது. மைக்ரோசாஃப்ட் 2004-இல் எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேடையும், நிண்டெண்டோ 2008-இல் வீவேரையும் தொடங்கின. இணையம் வழியே விளையாட்டு நேராகக் கருவிக்குள் வந்து இறங்கியது. கடை வேண்டாம், வட்டு வேண்டாம். ஆனால் இடம் மிகக் குறைவு. வீ கருவியின் மொத்த உள் சேமிப்பே 512 எம்.பி.தான். அதனால் வீவேர் விளையாட்டு ஒவ்வொன்றும் 40 எம்.பி.க்குள் அடங்க வேண்டும் என்று வரம்பு வைத்தார்கள். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் பத்துப் பதினைந்து படங்களே அந்த இடத்தை நிரப்பிவிடும். எக்ஸ்பாக்ஸிலோ, ஒவ்வொரு விளையாட்டும் இலவச மாதிரி ஒன்றைத் தந்தே ஆக வேண்டும் என்பது அப்போதைய விதி. சில நிமிடங்களுக்குள், பக்கத்தில் யாரும் நின்று விளக்காமல், விளையாடுபவருக்குப் புரிந்தாக வேண்டும். புரியவில்லை என்றால் காசு கொடுத்து வாங்க மாட்டார்.

இந்த நெருக்கடியால், பல நல்ல விளையாட்டுகள் ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு அதையே தோண்டின. ஜொனாதன் ப்ளோவின் 'பிரெய்டு' (2008) காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றுவதை எடுத்துக்கொண்டது. அதில் தவறி விழுந்தால் ஆட்டம் முடியாது. விழுந்ததைத் திருப்பிச் சுழற்றி மீண்டும் குதிக்கலாம். 'வேர்ல்டு ஆஃப் கூ' எடுத்துக்கொண்டது முக்கோணத்தை.

திரையில் கறுப்புப் பசை உருண்டைகள் கண்ணை உருட்டிக்கொண்டு அலைகின்றன. ஓர் உருண்டையை எடுத்து வேறு இரண்டுக்கு அருகில் வைத்தால், இரண்டோடும் குச்சிபோல் நீண்டு ஒட்டிக்கொள்ளும். அந்த இரண்டும் ஏற்கெனவே இணைந்தவையாக இருந்தால் ஒரு முக்கோணம் பிறக்கிறது. இணையாதவற்றுக்கு இடையே வைத்தால் நாற்கரம் போன்ற ஓட்டை உண்டாகும். கட்டுமானம் பெரும்பாலும் அந்த ஓட்டையில்தான் வளைந்து சாயும். இப்படிக் கட்டிக்கொண்டே போய், தூரத்தில் இருக்கும் குழாயை எட்ட வேண்டும். மிச்சமிருக்கும் உருண்டைகள் கட்டுமானத்தின் மீது ஏறிப் போய்க் குழாய்க்குள் தப்பிக்கும். ஏறும்போது அவற்றின் எடையும் சேர்ந்து ஆட்டும். கட்டடத்தில் பயன்படுத்திய கறுப்பு உருண்டை தப்பிக்க முடியாது என்பதால் சிக்கனமாகவும் கட்ட வேண்டும். அடித்தளம் குறுகினால் கோபுரம் ஆடுகிறது. பாலத்தை ஒரு கரையிலிருந்து நீட்டினால் நுனி தொங்குகிறது. இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. சாயும்போது கண் பார்க்கிறது, அடுத்த முறை கை மாற்றிக் கட்டுகிறது.

ஆசிரியராக என்னை உட்காரவைத்தது அதன் வரிசைதான். முதலில் மேல்நோக்கி ஒரு சிறு கோபுரம், அவ்வளவே. அடுத்துப் பக்கவாட்டில் ஒரு பள்ளத்தைக் கடக்க வேண்டும். சில கட்டங்கள் கழித்துப் பச்சை உருண்டை வருகிறது. அதை ஒட்டிய பிறகும் பிரித்து எடுக்கலாம். பிறகு மேலே இழுக்கும் பலூன். புதிதாக வந்த பொருளைப் பழகிய சூழலில் முதலில் கையில் கொடுத்து, பிறகுதான் பழையவற்றோடு கலக்கிறார்கள். குறிப்புப் பலகைகள் அங்கங்கே நிற்கின்றன. வேண்டுமானால் போய்ப் படிக்கலாம். வேண்டாதவரை அவை தொந்தரவு செய்யா. தவறான இடத்தில் ஒட்டிவிட்டால் பறந்து திரியும் சிறு பூச்சி ஒன்றைத் தொட வேண்டும். கடைசியாகச் செய்தது மட்டும் ரத்தாகும். முழுவதையும் அழிக்க வேண்டியதில்லை.

இதை உருவாக்கியவர்களில் ஒருவரான கைல் கேப்லர் முன்பு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர். அங்கே 2005-இல் அவரும் மூன்று தோழர்களும் தங்களுக்குத் தாங்களே ஒரு விதி வகுத்துக்கொண்டார்கள்: ஒவ்வொரு விளையாட்டையும் ஒருவரே, ஏழு நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும். ஒரு பருவத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் செய்தார்கள். 'டவர் ஆஃப் கூ' அவற்றில் ஒன்று. பின்னர் கேப்லரும் ரான் கார்மெலும் பெரிய நிறுவன வேலையை விட்டு, அலுவலகம்கூட இல்லாமல் காபிக் கடைகளில் உட்கார்ந்து அதை வளர்த்தெடுத்தார்கள். 2008 அக்டோபரில் வெளியானது. பெரும்பாலானவை தேறாது என்று தெரிந்தே ஐம்பது செய்திருக்கிறார்கள். என் மாணவர்களுக்கு நான் ஒரு கணக்கில் எத்தனை முயற்சிக்கு இடம் கொடுக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். சிவப்பு மை பட்டதும் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

பள்ளி திறந்ததும் வகுப்பில் முயன்றேன். திரையை எடுத்துப் போகவில்லை. நம் ஆசிரியர்கள் பலருக்கும் தெரிந்த அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி மெக்கானோவே போதும்: தலைமருந்தைச் சுரண்டி எடுத்த தீக்குச்சிகள், இணைப்புக்குச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகள்.

முதல் நாள் படுதோல்வி. குழுவுக்கு 40 குச்சி கொடுத்து "பாலம் கட்டுங்கள்" என்றேன். ஆறு குழுக்களில் நான்கு எதையும் முடிக்கவில்லை. மற்ற இரண்டிலும் நன்றாகப் படிக்கும் ஒருவர் கட்ட, மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பாதியில் பொறுமையிழந்து நானே கரும்பலகையில் வரைந்து விளக்கத் தொடங்கிவிட்டேன். எல்லாவற்றையும் முதல் கட்டத்திலேயே கொட்டும் தவறை அந்த விளையாட்டு ஒருமுறைகூடச் செய்யவில்லை.

மறுவாரம் ஒருவருக்கு மூன்று குச்சி மட்டும். முக்கோணம் செய்து, முனையைப் பிடித்து அழுத்தச் சொன்னேன். அசையவில்லை. இன்னொரு குச்சி கொடுத்தேன், சதுரம் செய்தார்கள். அழுத்தியதும் படுத்துக்கொண்டது. நான்கு பக்கமும் அதே அளவுதான், வடிவம் மட்டும் எத்தனை விதமாகவோ மாறுகிறது. நான் எதுவும் சொல்லவில்லை. (சொல்லாமல் இருப்பதுதான் அன்று எனக்குக் கடினமான வேலை.) பிறகு ஐந்தாவது குச்சி: "இதை வைத்துப் படுக்காமல் நிறுத்துங்கள்."

இங்கே நான் எதிர்பாராத சிக்கல் வந்தது. 4 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 5.7 செ.மீ. கையில் இருப்பது 4 செ.மீ. குச்சி, எட்டவில்லை. "குச்சி பத்தல டீச்சர்" என்று நாலாபக்கமும் குரல். ஒரு குழு விளக்குமாற்று ஈர்க்கை அளந்து ஒடித்து வைத்தது. பித்தாகரசுக்கு அதுவே நல்ல தொடக்கமாக அமைந்தது. கடைசி பெஞ்சுக்காரன் வேறு குச்சி கேட்கவில்லை. சதுரத்தை மெல்லச் சாய்த்துக்கொண்டே போனான். சாய்ந்து சாய்ந்து, எதிர் மூலைகளின் தூரம் குச்சியின் நீளத்துக்கு வந்ததும் அங்கே பொருத்தினான். சாய்சதுரம், அதற்குள் இரண்டு சமபக்க முக்கோணங்கள். அழுத்திப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நாலு ப பத்தாது டீச்சர். நடுவுல ஒண்ணு வேணும்."

வகுப்பு முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, அன்று நான் சிரித்தது தவறு என்று சொன்னேன். "எப்ப டீச்சர்?" என்றான். மறந்துவிட்டானா, மறந்ததுபோல் பேசினானா, எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் மறுநாள் இரண்டு கேள்வி கேட்டான், இரண்டும் பாடத்துக்குச் சம்பந்தமில்லாதவை.

அதற்கடுத்த பாடவேளையில்தான் பாலம் கட்டினோம். இரண்டு மேசைகளுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி. விழுந்த பாலங்களைப் பிரிக்க விடவில்லை. முதலில் எந்த இணைப்பு விட்டது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் மாற்றச் சொன்னேன். நோட்டுத் திருத்துவதிலும் இப்போது அப்படித்தான்: தவறிய வரிக்குப் பக்கத்தில் சிறு புள்ளி, அங்கிருந்து மீண்டும் தொடரலாம்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு இரண்டு செய்திகள். விளையாட்டைத் தேடி அலைய வேண்டாம். வீ கருவிக்கான இணையக் கடையை 2019 ஜனவரி 30 அன்று மூடிவிட்டார்கள். பின்னாளில் அது கைப்பேசிக்கும் வந்தது, ஆனால் இந்தப் பாடத்துக்கு அது தேவையே இல்லை. இன்னொன்று, மூன்று குச்சிகள் சேரும் இணைப்புக்கு வால்வு டியூப்பில் குறுக்கே துளையிட வேண்டும். ஊசியால் குத்தினால் துளை சுருங்கிக்கொள்கிறது. கருவேல முள்ளால் குத்தி, முள்ளை எடுக்காமலே வைத்திருந்து, குச்சியைச் செருகும்போது உருவினால் சரியாக வரும். முள்ளை மாணவர்களிடம் கொடுக்காமல் முந்தைய நாளே நாமே செய்து வைத்துவிடுவது நல்லது. 35 பேருக்கு எனக்கு ஒரு மாலை ஆனது.