சட்டம் தானாக நடப்பதில்லை

ஒரு நாட்டிலே சட்டம் இருப்பது வேறு; அச்சட்டம் நடைமுறையில் இருப்பது வேறு. பாராளுமன்றம் சட்டத்தை ஆக்குகின்றது. அதை நிறைவேற்றும் பொறுப்பு திணைக்களங்களுக்கும் அதிகாரசபைகளுக்கும் உரியது. எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணி நாம் நம் அலுவல்களைக் கவனிக்கின்றோம். நம் வீட்டுக் கிணற்று நீர் கெட்ட பின்னர்தான், "சட்டம் எங்கே போயிற்று?" என்று கேட்கின்றோம். அக்கேள்வியை வேளையோடு கேட்பது எங்ஙனம் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

சட்டம் செல்லும் வழி

சுற்றாடல் சட்டத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை நிறுவப்பட்டது. 1988இல் வந்த திருத்தம் அதன் கையை மேலும் பலப்படுத்தியது. கழிவை வெளியேற்றும் தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெறவேண்டும் என்ற விதி அத்திருத்தத்தாலேயே வந்தது.

எத்தொழிலுக்கு உரிமம் வேண்டும், வெளியேறும் கழிவு எந்த அளவுக்குள் இருக்கவேண்டும் என்பனவற்றை வர்த்தமானியில் வெளியாகும் ஒழுங்குவிதிகள் கூறும். உரிமத்தைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். நிபந்தனைகளை மீறினால் உரிமத்தை இடைநிறுத்தலாம், இரத்துச் செய்யலாம், நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். சிறிய தொழில்கள் சிலவற்றுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் நம் உள்ளூராட்சி சபைகளிடமே கையளிக்கப்பட்டுள்ளது.

சட்டம், ஒழுங்குவிதி, உரிமம், பரிசோதனை, தண்டனை என்று இவ்வழிக்கு ஐந்து படிகள் உண்டு. இவற்றுள் எளிதில் தளர்ந்துபோவது நான்காவது படியே. அலுவலர்கள் சிலர், பார்க்கவேண்டிய இடங்களோ பல. அலுவலர் வந்துபோகும் நாளிலே வாய்க்கால் சுத்தமாக இருக்கலாம். மறுநாள் இரவு அதிலே என்ன ஓடுகின்றது என்பதை அறிபவர் அயலிலே குடியிருப்பவர்தாம். அவர் வாய் திறவாவிட்டால் அடுத்த படிக்குச் சட்டம் ஏறமாட்டாது.

சுன்னாகம் புகட்டும் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கற் பாறைகளுக்கிடையே தங்கும் மழைநீரே நமக்குக் குடிநீர், தோட்டத்துக்கும் அதுவே. ஓரிடத்தில் நிலத்திலே சிந்தும் எண்ணெய் மற்றோரிடத்துக் கிணற்றில் வந்து நிற்கக்கூடும்.

சுன்னாகத்தில் நடந்தது அதுவே. அங்கு தனியார் நிறுவனமொன்று எண்ணெயைக் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்துவந்தது. சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டது. சட்டம் இருந்தது, அதிகாரசபை இருந்தது, ஒழுங்குவிதிகளும் இருந்தன; ஆயினும் கிணறுகள் மாசடைந்தன. ஆய்வறிக்கைகளோ ஒன்றுக்கொன்று முரண்பட்டன. எதை நம்புவது, எந்த நீரைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தாய்மார் கலங்கினர்.

மக்கள் வாளாவிருக்கவில்லை. வீதியில் இறங்கிக் குரல் கொடுத்தனர், நீதிமன்றத்தையும் நாடினர். 2015ஆம் ஆண்டில், சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வழங்கப்பட்டது. பாதிக்கப்பட்ட மக்களுக்காக அந்நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென நீதிமன்றம் பணித்தது. மேற்பார்வை செய்யவேண்டிய அரச நிறுவனங்கள் தம் கடமையில் தவறியதையும் அது சுட்டிக்காட்டியது.

இத்தீர்ப்பால் நாம் மகிழ்வது தகும். ஆனால், தீர்ப்பு வந்தது கிணறு கெட்ட பின்னரே என்பதை மறத்தலாகாது. நட்டஈடு பணத்தைத் தரும். நிலத்தடி நீரை ஒரே நாளில் தெளிவித்துத் தராது. ஆகவே குடிமக்களின் பங்கு முன்கூட்டியே தொடங்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, திட்டம் தொடங்குமுன் வாசித்தறிதல். குறித்துரைக்கப்பட்ட பெருந்திட்டமொன்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட்டால், அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அறிவித்தல் வெளியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எவரும் எழுத்து மூலம் தம் கருத்தைத் தெரிவிக்கலாம். இந்த 30 நாட்களையும் நாம் நித்திரையில் கழித்துவிட்டுப் பின்னர் புலம்புவதால் பயனில்லை.

இரண்டாவது, முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்தல். கந்தோர் வாசலில் நின்று சொல்லிவிட்டு வரும் முறைப்பாடு காற்றோடு போய்விடும். இடம், திகதி, நேரம், கண்ட விடயம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, பிரதியொன்றை வைத்துக்கொள்ளவேண்டும். கேள்விப்பட்டதைக் கண்டதாக எழுதலாகாது. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழும் நிருவாக மொழி என்பது அரசியலமைப்பின் ஏற்பாடு.

மூன்றாவது, தகவல் கேட்டல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி தொடக்கம் நடைமுறையில் உள்ளது. அயலிலுள்ள ஆலைக்கு உரிமம் உண்டா, அது எப்போது முடிவடையும், கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று குடிமகன் எவரும் கேட்கலாம். ஏன் கேட்கின்றீர் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். மறுத்தால், அந்நிறுவனத்திலேயே மேன்முறையீட்டுக்கென நியமிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் முறையிடலாம். அதன்பின் ஆணைக்குழுவுக்குச் செல்லலாம்.

நான்காவது, நீதிமன்றம். பொதுத் தொல்லையை அகற்றக் கட்டளையிடும் அதிகாரம், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்படி நீதவானுக்கு உண்டு. அரச நிருவாகத்தின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். பொதுவாக இதற்குரிய காலம் ஒரு மாதமே. ஆதலால் சட்டத்தரணியின் ஆலோசனையைத் தாமதியாது பெறுதல் வேண்டும்.

இவற்றைத் தனியொருவர் செய்தால் களைத்துப்போவார். அயலவரின் பகைக்கும் ஆளாவார். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஒன்றுகூடிச் செய்தால் சுமை இலேசாகும்.

நம் வளவும் சட்டத்துக்கு உட்பட்டதே

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லவேண்டும். பெரிய ஆலையின் மீது சட்டம் பாயவேண்டும் என்கின்றோம். ஆனால், நம் வளவிலே கிடக்கும் சிரட்டையில் நுளம்புக் குடம்பியைக் கண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்குத் தொடர்ந்தால், தெரிந்தவரைப் பிடிக்க ஓடுகின்றோம். நமக்காக ஒருமுறை வளைந்த சட்டம் பணமுள்ளவனுக்காக ஒன்பது முறை வளையும். அன்றைக்கு நம் முறைப்பாட்டுக்கு மதிப்பிராது. இயற்கையைப் பேணுதல் ஒவ்வொருவரதும் கடமை என்று அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை கூறுவது, ஆலைக்காரரை மாத்திரம் நோக்கியன்று.

அலுவலரைப் பகைவராக எண்ணவும் வேண்டாம். எசமானராக எண்ணி நடுங்கவும் வேண்டாம். நேர்மையான அலுவலருக்கு மக்களின் கடிதம் பெருந்துணை. அசட்டையான அலுவலருக்கோ அது நினைவூட்டல்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் கிணற்று நீரைக் கடைசியாக எப்போது பரிசோதிப்பித்தோம்?

2. நம் பிரதேச சபைக் கூட்டங்களில் எடுக்கப்படும் முடிவுகளை நாம் அறிவோமா?

3. நம் ஊரில் எல்லாரும் கண்டும் எவரும் எழுதாத குறை எது? அதை இம்மாதத்தில் யார் எழுதுவது?