மூல நிரல் திறந்திருந்தால் போதுமா?

ஆடாசிட்டி, ஒலியைப் பதிவுசெய்து திருத்த உதவும் திறந்த மூல மென்பொருள். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம். பயனர்களின் பயன்பாட்டு விவரங்களைக் கூகுள், யாண்டெக்ஸ் சேவைகள் வழியாகத் திரட்டும் நிரல்பகுதி 2021 மே மாதம் முன்மொழியப்பட்டது. ஒப்புதல் தருவோரிடம் மட்டுமே திரட்டப்படும் என்று கூறப்பட்டது. ஆயினும் பயனர்கள் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது.

ஜூலையில் வெளியான தனியுரிமைக் கொள்கை, 13 வயதுக்குட்பட்டோர் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. அதன்படி ஏழாம் வகுப்பு வரையுள்ள மாணவர் பெரும்பாலோர் இதைப் பயன்படுத்த இயலாது. எவரும் பயன்படுத்தலாம் என்னும் ஜி.பி.எல். உரிமத்துக்கு இது முரண் எனப் பயனர்கள் சுட்டிக்காட்டினர். அம்மாதமே அவ்விதி நீக்கப்பட்டது.

திறந்த நிரல் கேள்வி கேட்க வழி தருகிறது. படித்துப் பார்த்துக் கேட்பவர் இருந்தால்தான் அதனால் பயன் உண்டு.

வகுப்பறைச் செயல்பாடு: மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஏதேனும் ஒரு செயலியின் தனியுரிமைக் கொள்கையை வாசிக்கச் செய்யலாம். ஒவ்வொரு குழுவும் மூன்று வினாக்களுக்கு விடை காணட்டும்.

1. எந்த விவரங்கள் திரட்டப்படுகின்றன?
2. அவை யாரிடம் செல்கின்றன?
3. மறுக்க வழி உண்டா?

பள்ளிக் கணினியில் புதிய மென்பொருளை நிறுவும் முன் ஆசிரியர்களாகிய நாமும் இவற்றைக் கேட்போம். விலையின்றிக் கிடைக்கிறது என்பது மட்டும் போதிய காரணமாகாது.