சேற்றில் இறங்குகிற கேமரா

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படிப்பு முடிவதற்குள்ளேயே, குறுவை நாற்றங்கால் தொடங்கி கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏறுகிற வரை உன் ஊரின் ஒரு வருட வெள்ளாமையைப் படமாக எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தால் ஊரே வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறது, கையில் காசும் அதிகம் இல்லை, சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள் அண்ணா என்கிறாய். சொல்கிறேன். மாடல் பெயருக்குப் போவதற்கு முன்னால், நம் ஊருக்குக் கேமரா கொண்டுவந்த ஒருவரைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1857 டிசம்பரில் கிளம்பி, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சுற்றினார். ஃபிலிம் கிடையாது. மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகட்டிவ். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். தஞ்சாவூரும் திருவையாறும் சேர்ந்த அவருடைய படத்தொகுப்பு 1858இல் வெளியானது. அந்தப் பயணத்தில் அவர் செய்த வேலைகளிலேயே பெரியது ஒன்று உண்டு. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரதிகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். கேமராவை நகர்த்தி, மட்டம் பார்த்து, ஒரு படத்தின் விளிம்பும் அடுத்ததன் விளிம்பும் பொருந்த வைத்து எடுத்திருக்கிறார். அழகுக்காக எடுத்ததில்லை அது. எழுத்தைப் படிக்க முடிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

அந்தத் தொகுப்பை ஒருமுறை பொறுமையாகப் பார். கோபுரம், பிரகாரம், நந்தி, படித்துறை எல்லாம் இருக்கும். நாற்று நடுகிறவர்கள் இருக்க மாட்டார்கள். அசையாத கல்லைத்தான் அந்தக் கருவியால் தெளிவாகப் பிடிக்க முடிந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் நகர்ந்துவிடுகிற கை அதற்கு அகப்படவில்லை. காவிரிப் படுகையின் ஆரம்பகாலப் படங்களில் நெல்லை விளைவித்தவர்கள் விட்டுப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். நீ செய்யப் போகிற வேலை அந்த விட்டுப்போன இடத்தில் நிற்கிறது. அதனால்தான் கேமராவைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன்.

கடைக்காரர் முதலில் மெகாபிக்சல் சொல்வார். அதை விட்டுவிட்டு சென்சார் அளவைக் கேள். சட்டைப்பைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் 6.17க்கு 4.55 மில்லிமீட்டர், அதாவது 28 சதுர மில்லிமீட்டர். சோனி ஆர்எக்ஸ்100, கேனன் ஜி7 எக்ஸ் வரிசைகளில் இருக்கும் ‘ஒரு அங்குல’ சென்சார் 13.2க்கு 8.8, பரப்பில் நான்கு மடங்கு. ரிக்கோ ஜிஆர் 3 கேமராவில் இருப்பதோ அதைவிட மூன்று மடங்கு பெரியது. அவ்வளவு பெரிய சென்சாரை வைத்துக்கொண்டும் அது பேட்டரியோடு 257 கிராம்தான். மெலட்டூர் பாகவத மேளாவை இரவில் எடுக்க வேண்டுமென்றால் இந்த வித்தியாசம் படத்தில் அப்படியே தெரியும். சின்ன சென்சார் இருட்டில் முகங்களை மணல் தெளித்த மாதிரி ஆக்கிவிடும்.

ஆனால் நீ நிற்கப் போவது வயலில், பகல் வெளிச்சத்தில், முழங்கால் சேற்றில். அங்கே சென்சாரை விட முக்கியமான ஒன்று லென்ஸ் எப்படி இயங்குகிறது என்பது. நான் சொன்ன இந்தக் கேமராக்களில் ஆன் செய்ததும் லென்ஸ் குழாய் வெளியே வரும், அணைத்தால் உள்ளே போகும். அந்தக் குழாயின் இடுக்கில் தூசி ஒட்டியிருந்தால் அதையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அறுவடை எந்திரம் ஓடுகிற வயலில் ஒரு மணி நேரம் நின்றவனுக்குத் தெரியும், அந்தப் பதரும் சுணையும் சட்டைக்குள் எல்லாம் போய்விடும். இந்த இடுக்கை விடுமா? சென்சாரில் ஒரு துகள் உட்கார்ந்துவிட்டால் வானம் வருகிற எல்லாப் படத்திலும் அதே இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. லென்ஸ் கழற்ற முடியாத கேமராவில் நாமே துடைக்கவும் வழியில்லை.

அதனால் உனக்கு நான் சொல்வது, கேமராப் பிரியர்கள் அவ்வளவாகப் பேசாத ஒன்று. ஒலிம்பஸ் டஃப் டிஜி-6. 2019இல் வந்தது, அதன் தொடர்ச்சியாக ஓஎம் சிஸ்டம் பெயரில் 2023இல் டிஜி-7 வந்தது. சென்சார் சின்னதுதான். லென்ஸ் முழுக்க உடலுக்குள்ளேயே இருக்கிறது, வெளியே வருவதே இல்லை. 15 மீட்டர் ஆழத் தண்ணீரைத் தாங்கும்படி செய்தது. சேறு பட்டால் வாய்க்காலில் அலசிக்கொள்ளலாம். பேட்டரி மூடியும் பக்கத்து மூடியும் இறுகப் பூட்டியிருக்கிறதா, அந்த ரப்பர் விளிம்பில் ஒரு உமி கூட ஒட்டவில்லையா என்று மட்டும் அலசுவதற்கு முன்னால் பார். நெல் பூவுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை கிட்டே போய் எடுக்கலாம். இரவுக்கு இது உதவாது, அதைத் தெரிந்தே வாங்கு. கோயிலும் திருவிழாவும்தான் உன் விஷயம் என்று எழுதியிருந்தால் ஒரு அங்குல சென்சாரைத்தான் சொல்லியிருப்பேன்.

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 2010இல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் கடைக்கு வந்தன; 2023இல் 80 லட்சம் கூட இல்லை. போன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ வீட்டு அலமாரிகளில் நல்ல சின்ன கேமரா தூங்குகிறது. பழையது வாங்கும்போது அவசரப்படாதே. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்; நம் ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கும், இருந்தால் வாங்காதே. வெள்ளையடித்த சுவரை, துவாரத்தை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார். புள்ளி இருந்தால் தெரிந்துவிடும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார். நீர் புகாத கேமரா என்றால் ரப்பர் விளிம்பில் வெடிப்பு இருக்கக் கூடாது. வெடித்திருந்தால் அதை நீர் புகாத கேமராவாக நினைக்காதே, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும். இன்னொன்று, எந்தக் கேமரா நனைந்தாலும் அரிசிக்குள் புதைத்து வைக்காதே. அரிசித் தவிடும் மாவும்தான் உள்ளே போகும். பேட்டரியைக் கழற்றி, மூடியைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டு ரிப்பேர்காரரிடம் கொண்டு போ.

போன் போதாதா என்று வீட்டில் கேட்பார்கள். போனில் நல்ல படம் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் கேமராவின் பொத்தான் இரண்டு கட்டமாக இறங்கும். பாதி அழுத்தினால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். முழுக்க அழுத்துகிற கணத்தை நீ தேர்ந்தெடுக்கிறாய். நடவுக்கு இந்தப் பாதி அழுத்தம்தான் உயிர். நடவாட்களின் கையைக் கவனித்திருப்பாய். இடது கையில் நாற்று முடி. வலது கைக் கட்டைவிரல் இரண்டு மூன்று நாற்றைப் பிரித்தெடுக்கும். விரல்கள் குவிந்து சேற்றில் இறங்கும். கை மேலே வரும்போது அடுத்த நாற்று தயாராக இருக்கும். அந்த விரல்கள் சேற்றைத் தொடுகிற கணம் உனக்கு வேண்டுமென்றால் ஃபோகஸ் முன்பே பூட்டியிருக்க வேண்டும், ஷட்டர் வேகம் 1/500க்குக் குறையக் கூடாது. வேகத்தை நாமே வைக்க முடியாத கேமராவில் ‘ஸ்போர்ட்ஸ்’ என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைப் பயன்படுத்து. நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே போவார்கள். அதனால் முன்னால் நின்றால் ஒவ்வொரு நிமிடமும் உன்னை விட்டு விலகுவார்கள். நட்டு முடித்த பக்கம் காலை வைக்கவும் முடியாது. வரப்போரமாகப் பக்கவாட்டில் உட்கார்ந்து, கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் பிடி. திரையைப் பார்க்காமல் எடுக்கப் பழகு. மத்தியான வெயிலில் திரை எப்படியும் தெரியாது.

வெளிச்சத்தில் இரண்டு இடத்தில் கேமரா ஏமாறும். நடவு வயலில் தண்ணீர் வானத்தைக் காட்டிக்கொண்டு பளபளக்கும்போது, காட்சி முழுக்க வெள்ளை என்று நினைத்துக் கேமரா இருட்டாக்கிவிடும், முகங்கள் கறுத்துப்போகும். ப்ளஸ் பக்கம் ஒரு படி ஏற்று. பயிர் கரும்பச்சையாகத் தழைத்த பிறகு அதன் நடுவே ஒருவர் வெள்ளை வேட்டியோடு நின்றால் நேர்மாறு; வேட்டியில் ஒரு மடிப்பு கூடத் தெரியாமல் வெளுத்துவிடும். மைனஸுக்கு இறக்கு. உச்சி வெயிலில் தலைத்துண்டின் நிழல் கண்ணை மறைக்கிறது என்றால், ஆறடி தள்ளி நின்று அந்தச் சின்ன ஃபிளாஷைப் போடு. கேட்டுவிட்டுப் போடு.

கேட்பதைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கடிதம் முழுமையாகாது. கேமரா சின்னது என்பதால் ஒளித்து எடுக்கலாம் என்று ஆகாது. சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து நிற்கிற அக்காவிடம் எடுக்கலாமா என்று கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு. பச்சைப் பயிரை அழகாக எடுப்பது சுலபம், நம் மண்ணில் யார் எடுத்தாலும் வரும். அந்தப் பச்சைக்குள் கூலி இருக்கிறது, சாதி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டதும் இதே நெல்வயல் நாட்டில்தான், கூலித் தகராற்றின் தொடர்ச்சியாகத்தான். வயலை எடுக்கும்போது நிலம் யாருடையது, நடவு யாருடையது, அன்றைய கூலி என்ன என்பதையும் குறித்துக்கொள். எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அவர்கள் கையில் கொடு. வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு நிறுத்தாதே. பிரிண்ட் கொடுத்த வீட்டில் அடுத்த போகத்துக்கு உன்னை அவர்களே கூப்பிடுவார்கள்.

குறிப்பு எழுதுவதன் வலிமையை ஒரு சிலை காட்டியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர்கால நடராஜர் திருடு போய், 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. 2014இல் அந்த நாட்டுப் பிரதமரே இந்தியா வந்து திருப்பிக் கொடுத்தார். அது நம்முடையதுதான் என்று நிறுவ உதவியவற்றில் முக்கியமானது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரிப்பில் 1994 என்ற குறிப்போடு இருந்த புகைப்படம். எந்தக் கோயில், எந்த வருடம் என்பது இல்லாவிட்டால் அந்தப் படத்தை வைத்து யாரும் வாதாட முடிந்திருக்காது.

உன் படத்துக்கும் அது வேண்டும். ஊர், வாய்க்கால் வெண்ணாற்றில் பிரிகிறதா வெட்டாற்றிலா, ரகம் ஆடுதுறை 36ஆ சி.ஆர். 1009ஆ, கை நடவா எந்திர நடவா. இருபது வருடம் கழித்து ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒருவர் உன் படத்தைப் புரட்டினால், வெளிச்சம் எப்படி என்று பார்ப்பதற்கு முன் இதைத்தான் தேடுவார். கேமராவின் கடிகாரத்தை முதல் நாளே சரியாக வை. பேட்டரி ரொம்ப நாள் கழற்றிக் கிடந்தால் பல கேமராக்களில் தேதி பழையபடி தொடக்கத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு முறை எடுக்கும் முன்னாலும் ஒரு பார்வை பார்த்துக்கொள். கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கு. இவ்வளவு சின்ன உடலுக்குள் இருக்கிற பேட்டரி இருநூறு, முந்நூறு படத்தில் தீர்ந்துவிடும். கொள்முதல் நிலைய வாசலில் காத்திருக்கும்போது சார்ஜ் போட இடம் இருக்காது.

அந்தக் கொள்முதல் நிலையத்தை விட்டுவிடாதே. எல்லோரும் நடவை எடுக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல் திரும்பி வந்து, ரோட்டில் பரப்பி, காலால் கோடு இழுத்துக் கிளறிக் காயவைத்து, மழை இருட்டியதும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, வருடத்தின் அந்தப் பகுதியை எடுத்தவர்கள் குறைவு. அங்கே பெரிய கேமராவைத் தூக்கினால் பத்திரிகைக்காரர் வந்துவிட்டார் என்று ஆளாளுக்கு விறைத்துக்கொள்வார்கள். சட்டைப்பைக் கேமராவுக்கு அந்தத் தொல்லை குறைவு.

வழக்கம்போல ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால், ஆற்றில் தண்ணீர் வரும்போது ஆழ்துளைக் கிணற்றுப் பாசன நாற்றங்கால்கள் ஏற்கெனவே பச்சையாக நிற்கும். அதனால் கேமரா மே மாதமே உன் கையில் இருக்கட்டும். ஒரே ஒரு வயலைத் தேர்ந்தெடு. வரப்பில் ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரம் ஒருமுறை அங்கிருந்தே ஒரு படம் எடு. மற்றதெல்லாம் உன் இஷ்டம். குறுவை நடவு முடிந்ததும் அந்த வாரப் படங்களையும் கூடவே எழுதிய குறிப்புகளையும் எனக்குத் தபாலில் அனுப்பு. பொறுக்கி எடுக்காமல் எல்லாவற்றையும் அனுப்பு. சரியாக வராததையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, சம்பாவுக்கு எதை மாற்றலாம் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்