தராசில் ஏறாத பிள்ளைகள்

அன்புள்ள சகோதரிக்கு,

கொரோனா காலத்தில் பள்ளிகளை அவ்வளவு நாள் மூடி வைத்தது தவறு என்று நான் எழுதியதற்கு உங்கள் பதில் வந்தது. உயிர் விஷயத்தில் லாப நட்டம் பார்ப்பவன் நெஞ்சில் ஈரமில்லாதவன் என்கிறீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பள்ளியைப் பூட்டியபோதே நாம் கணக்குப் போட்டுவிட்டோம், அதில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினோம்.

2020 மார்ச்சில் பூட்டியதை நான் குறை சொல்லவில்லை. நோய் யாரை எப்படித் தாக்கும் என்றே தெரியாத நேரம் அது. பாட்டியோடு ஒரே பாயில் படுக்கும் பிள்ளை வீட்டுக்கு எதைக் கொண்டுவருமோ என்ற பயத்தில் பொய் இல்லை. என் புகாரெல்லாம் பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

சுவீடனில் பதினாறு வயதுக்குட்பட்டோரின் பள்ளிகள் திறந்தே இருந்தன. 2020 மார்ச் முதல் ஜூன் வரை, அங்குள்ள ஏறக்குறைய 19.5 லட்சம் பிள்ளைகளில் கொரோனாவால் தீவிர சிகிச்சைக்குப் போனவர்கள் 15 பேர். இறந்தவர் எவருமில்லை. 2021 தொடக்கத்திலேயே இது மருத்துவ இதழில் வெளிவந்துவிட்டது. (அந்நாட்டு முதியோர் இல்லங்களில் நடந்தது வேறு கதை. தோற்றுப்போனோம் என்று மன்னரே சொன்னார். அதை மறைத்து சுவீடனை மெச்சுகிறவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

அது பணக்கார நாடு, வீட்டில் ஆள் குறைவு என்பீர்கள். சரி, இங்கேயே வருவோம். 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க ரத்தப் பரிசோதனை நடத்தியது. ஆறிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்குத் தொற்று ஏற்கெனவே வந்து போயிருந்தது. குழந்தைகளுக்குத் தடுப்பூசியே வராத காலம். தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் பூட்டிக் கிடந்த காலம். சந்தை, கல்யாணம், தேர்தல் கூட்டம், அப்பா வேலை பார்க்கும் இடம் என்று கிருமிக்கு வழியா இல்லை?

திறப்பதானால் தொடக்கப் பள்ளியை முதலில் திறக்கலாம், அதற்கு முன் ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள் என்று கழகத்தின் அப்போதைய தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா அந்த ஜூலையிலேயே சொன்னார். தமிழ்நாட்டில் தலைகீழாக நடந்தது. ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும் படிப்பவர்களுக்கு செப்டம்பர் 1-ல் பள்ளி திறந்தது. சின்னவர்கள் நவம்பர் 1 வரை காத்திருந்தார்கள். பொதுத்தேர்வு எழுதப்போகிற பிள்ளை எல்லோர் கண்ணிலும் படும். எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளை யார் கண்ணில் படும்?

பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் 'அசர்' ஆய்வின் 2022 அறிக்கையைப் பாருங்கள். நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம். 2018-ல் 10.2. அதுவும் பெருமைப்படும்படியான எண் அல்ல, இருந்தும் பாதிக்கு மேல் போய்விட்டது. தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியதே இந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

கணக்குப் போடுகிறவர்கள் எல்லோரோடும் நான் ஒத்துப்போகிறேன் என்றும் நினைக்காதீர்கள். இந்தத் தலைமுறை 17 டிரில்லியன் டாலர் வருமானத்தை இழக்கலாம் என்று உலக வங்கி, யுனெஸ்கோ, யுனிசெஃப் மூன்றும் சேர்ந்து அறிக்கை விட்டன. யாருடைய டாலர்? சொந்தமாக லேப்டாப் இருந்த பிள்ளையும், வேலைக்குப் போன அப்பா இரவில் கொண்டுவரும் ஒரே போனுக்குக் காத்திருந்த பிள்ளையும் அந்த ஒற்றை எண்ணுக்குள் ஒன்றாகக் கரைந்துவிடுகிறார்கள். யார் தலையில் எவ்வளவு விழுந்தது என்று பிரித்துக் காட்டாத கணக்கு எனக்கும் வேண்டாம்.

பள்ளியைத் திறந்து ஒரு பிள்ளை இறந்திருந்தால், அந்தத் தாயிடம் எந்தச் சதவீதத்தைச் சொல்வீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். எதையும் சொல்லமாட்டேன். சொல்லக்கூடாது. ஆனால் அவள் வீட்டுக்கு நிருபர்கள் வந்திருப்பார்கள், அதிகாரி வந்திருப்பார், விசாரணை நடந்திருக்கும். பூட்டிய காலத்தில் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்து, பிறகு வகுப்புக்குத் திரும்பாத பையனின் அம்மாவிடம் பதில் சொல்ல யார் போனார்கள்?

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்